வரையறை தளர்ந்த தரவினங்களும் இணையச் சேவை வாங்கிகளின் பிழைகளும்

திறவுச்சொற்கள்: இணையச் சேவை, சோப், எக்ஸ்எம்எல் ஸ்கீமா, தரவினம், நூற்பட்டியல்

முன்னுரை

பழைய தமிழ் அச்சு நூல்களைப் பட்டியலிடுவோர் எதிர்கொள்ளும் சிக்கல்களுள் பதிப்பாண்டும் ஒன்று. ஒரு நூலின் முகப்பில் 1894 என ஆங்கில ஆண்டு இருக்கும். மற்றொன்றில் ‘விகாரி வருடம்’ என்று மட்டுமே இருக்கும். அறுபதாண்டுச் சுழற்சியில் விகாரி 1839-40ஐயும் குறிக்கும், 1899-1900ஐயும் குறிக்கும். இத்தகைய பட்டியலை இணையச் சேவையாக வழங்க முனையும் நிரலர், பதிப்பாண்டுப் புலத்தை முழு எண் என வரையறுக்க இயலாமல், எதையும் ஏற்கும் ‘எனிடைப்’ என்று வரையறுத்துவிட்டு அமைவது இயல்பே. அத்தளர்வு தரவைக் கேட்டுப்பெறும் வாங்கி நிரலில் எவ்வாறு பிழையாகிறது, அதனை எவ்வாறு கண்டறிவது என்பனவற்றைச் சோப் நெறிமுறைச் சேவைகளை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

இனக்குறிப்பு இல்லாத மதிப்பு

எக்ஸ்எம்எல் ஸ்கீமா 2001ஆம் ஆண்டு மே மாதம் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாயிற்று. அதன்படி எனிடைப் என வரையறுக்கப்பட்ட ஓர் உறுப்பு, தான் எவ்வினத்தது என்பதை ‘எக்ஸ்எஸ்ஐ:டைப்’ என்னும் பண்பின் வழியே செய்தியிலேயே அறிவிக்கலாம். அறிவிக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. முழு எண் என்ற குறிப்புடன் 1894 வந்தால் வாங்கி அதனை எண்ணாகவே பெறும். குறிப்பின்றி வந்தால் ஜாவாவின் ஜாக்ஸ்-பி நூலகம் அதனை ஓர் எக்ஸ்எம்எல் உறுப்பாகவும், டாட்நெட்டின் எக்ஸ்எம்எல் சீரியலைசர் கணுக்களின் அணியாகவும் ஒப்படைக்கின்றன.

இவற்றின் அறிகுறிகள் ஏமாற்றக்கூடியவை. டாட்நெட்டில் ஆண்டு தோன்ற வேண்டிய இடத்தில் ‘சிஸ்டம்.எக்ஸ்எம்எல்.எக்ஸ்எம்எல்நோட்[]’ என்ற இனப்பெயர் அச்சாகும். ஜாவாவில் உறுப்பின் பெயரும் அதனருகே ‘நல்’ என்ற சொல்லும் அச்சாகும். அதைக் காண்பவர் மதிப்பே வரவில்லை என முடிவுசெய்து வழங்கியைக் குறைகூறுவார். உண்மையில் மதிப்பு உறுப்பினுள் உரைக்கணுவாக முழுமையாக இருக்கும். உறுப்புக்கணுவுக்குத் தனி மதிப்பு இல்லை என்பதையே அச்சொல் காட்டுகிறது.

இவையேனும் கண்ணுக்குப் புலப்படுபவை. ‘எண்ணாயின் கொள்க, அன்றேல் தவிர்க்க’ என எழுதப்பட்ட நிரல் எப்பிழையும் காட்டாது. தமிழாண்டு மட்டும் உள்ள பதிப்புகள் கணக்கிலிருந்து ஓசையின்றி நீங்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்புகளை எண்ணும் ஆய்வாளர் குறைந்த எண்ணிக்கையையே தம் ஆய்வேட்டில் பதிவார்.

பிழை அறியும் முறை

முதலில் காண வேண்டியது நிரலை அன்று. கம்பிவழி வந்த மூலச் செய்தியை. அதில் இனக்குறிப்பு உள்ளதா என நோக்க வேண்டும். குறிப்பு இருந்தும் பிழை நேர்ந்தால் அதன் முன்னொட்டு எந்தப் பெயர்வெளியைச் சுட்டுகிறது என ஆராய்க. 2000இல் வெளிவந்த சோப் 1.1 ஆவணம் 1999ஆம் ஆண்டு ஸ்கீமாப் பெயர்வெளியையே பயன்படுத்தியது. அதனைப் பின்பற்றிய பழைய வழங்கி அனுப்பும் முழு எண்ணும், 2001ஆம் ஆண்டுப் பெயர்வெளியை மட்டுமே அறிந்த வாங்கி எதிர்பார்க்கும் முழு எண்ணும் பெயரளவில் ஒன்றாயினும் வெவ்வேறானவை.

சேவையை மாற்றும் உரிமை இருப்பின், முகப்பில் உள்ளவாறே ஆண்டைச் சரமாக ஒரு புலத்திலும், பதிப்பாசிரியர் கணித்த ஆண்டை முழு எண்ணாக மற்றொரு விருப்பப் புலத்திலும் தருவதே தக்கது. விகாரியை 1899 எனக் கொள்வது ஆய்வாளரின் முடிவு. நிரலின் இனமாற்றத்துக்குள் அது மறைந்துவிடலாகாது. உரிமை இல்லாதபோது, வாங்கி இரு வடிவங்களையும் ஏற்று, உறுப்பாக வந்ததன் உரையைச் சரமாகவே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பன்னாட்டுத் தர நூல் எண்ணுக்கு இவ்வெச்சரிக்கை மேலும் தேவை: பத்து இலக்க எண் 0இல் தொடங்கலாம், எக்ஸ் என்னும் எழுத்தில் முடியலாம். எண்ணாக மாற்றினால் முன்னது சுழியை இழக்கும். பின்னது மாற்றத்துக்கே உட்படாது.