தாத்தாவின் சாகாவைப் புதுப்பிக்கலாமா? காந்தம் சொல்லும் பதில்

ஜெலாப்பாங் வட்டாரத்தில் வீட்டோரம் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் பழைய புரோட்டோன் சாகாவைப் பார்த்திருப்பீர்கள். தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் முதல் கார். "தாத்தா ஓட்டிய காராயிற்றே, செப்பனிட்டு ஓட்டலாமே" என்பார் ஒருவர். "அந்தக் காசுக்கு வேறு கார் வாங்கலாம்" என்பார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

நாட்டின் முதல் தேசிய காரான சாகா 1985 ஜூலை 9-ஆம் நாள் அறிமுகமானது. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே காரைத் தழுவி உருவானது அது. அதன் எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் போல்ட் போட்டு மாட்டியவை. பழுதானால் கழற்றிச் சரிசெய்யலாம், இல்லையேல் மாற்றலாம்.

உடற்கூடு அப்படியல்ல. பற்றவைத்த எஃகுத் தகடுகளால் ஆன அந்தக் கூடே காரின் எடையைத் தாங்குகிறது. அடித்தகடு துருப்பிடித்தால் அழகோடு பாதுகாப்பும் போய்விடும். அழுகிய பகுதியை வெட்டி, புதுத் தகட்டை வளைத்துப் பற்றவைத்து, சாயம் பூச நாள்கணக்கில் கைவேலை தேவை. செலவு ஏறுவது இங்கேதான்.

துரு எப்படி உண்டாகிறது? இரும்பு எலக்ட்ரான்களை இழக்க, ஆக்சிஜனும் நீரும் அவற்றை ஏற்கின்றன. அலுமினியத்தின் ஆக்சைடு உலோகத்தோடு ஒட்டி நின்று அதைக் காக்கும். இரும்பின் துருவோ இரும்பைவிட இரு மடங்குக்கும் அதிகமான இடத்தைப் பிடித்து, சாயத்தைக் கொப்புளமாக்கி உதிர்ந்துவிடும். உடனே அடுத்த அடுக்கு அரிக்கத் தொடங்கும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஈப்போவில், தார்ப்பாய்க்குள் தேங்கும் ஈரமே இதற்குப் போதும்!

ஒரு சோதனை செய்யுங்கள். சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடிப்பகுதியிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே எஃகு இருக்கிறது. நழுவினால் ஓட்டையைப் புட்டி பூசி மறைத்திருக்கலாம். காரின் அடியில் மட்டும் நீங்களே நுழையாதீர்கள். பட்டறையில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுற்றுச்சூழல் கணக்கும் உண்டு. ஒரு டன் எஃகு உருவாக்க ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு வெளியாகிறது. புதுக் காரில் 600 கிலோ எஃகு இருந்தால் 1.2 டன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வெளியாகும். ஆக, அந்த எஃகு ஏறக்குறைய 520 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். பழைய கார் 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் கூடுதலாகக் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 17,000 கிலோமீட்டரில் அந்தச் சேமிப்பு கரைந்துவிடும். தினமும் வேலைக்கு ஓட்டினால் ஓரிரு ஆண்டு. ஞாயிறு மட்டும் ஓட்டினால் பல ஆண்டு.

ஆகவே, கூடு உறுதியாக இருந்து, எப்போதாவது ஓட்டுவதற்கென்றால் செலவு தகும். அடித்தகடே அழுகியிருந்தால், நல்ல உதிரிபாகங்களை இன்னொரு சாகாவுக்குக் கொடுப்பதே மேல். முடிவு எதுவானாலும் இன்றே தார்ப்பாயை எடுத்துவிட்டு, காற்றோட்டமான கூரையின் கீழ் காரை நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு மழைக்காலமும் பட்டறைச் செலவைக் கூட்டிக்கொண்டே போகிறது.