செஞ்சி ஆசிரியர்களின் பயிற்சிக்கு எது அளவுகோல்?

ஆசிரியர் ஒருவர் வேலையில் சேர்ந்த பிறகு பெறும் பயிற்சியைப் பணியிடைப் பயிற்சி என்பார்கள். அது எத்தனை நாள் நடக்க வேண்டும், எதைக் கற்றுத்தர வேண்டும், யார் கற்றுத்தர வேண்டும், முடிந்தபின் வகுப்பறையில் என்ன மாறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதே அதற்கான தரநிலை. இந்த நான்கு கேள்விகளில் முதல் கேள்விக்குத்தான் இந்தியாவில் இதுவரை தெளிவான விடை உண்டு. 1964-66 கோத்தாரி கல்விக் குழு, ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டு மூன்று மாதப் பயிற்சி கிடைக்க வேண்டும் என்றது. 2001-இல் வந்த அனைவருக்கும் கல்வி இயக்கம் ஆண்டுக்கு 20 நாள் என்று வகுத்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரம் என்கிறது. நாளுக்கு ஆறு மணி என்று கணக்கிட்டால் எட்டு நாள் சொச்சம். நாள் கணக்கை எழுதுவதும் சரிபார்ப்பதும் எளிது. வருகைப் பதிவேடு போதும். மற்ற மூன்று கேள்விகளுக்கும் பதிவேட்டில் விடை கிடைக்காது.

விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டாரத்தின் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் பயிற்சி வந்து சேரும் வழியைப் பார்த்தால் இது விளங்கும். 1986 கல்விக் கொள்கையின் பயனாக மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் உருவாயின. 1994-இல் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் எடுத்துக்கொண்ட பகுதிகளில் பழைய தென்னார்க்காடும் ஒன்று. செஞ்சி அந்த நிலப்பரப்பைச் சேர்ந்தது. வட்டார வள மையம், அதற்குக் கீழே சில பள்ளிகளைச் சேர்த்த குறுவள மையம் என்ற அமைப்பு அந்தத் திட்டத்தோடு வேரூன்றியது. வாரக்கணக்கில் வெளியூரில் தங்காமல், பக்கத்து ஊர்ப் பள்ளியிலேயே மற்ற ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேச முடிந்ததை இந்த அமைப்பின் பெரிய சாதனை என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் பயிற்சியின் பொருள் மட்டும் மேலிருந்தே இறங்குகிறது. சென்னையில் மாநிலக் கருத்தாளர்களுக்குப் பயிற்சி நடக்கும். அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்குச் சொல்வார்கள், மாவட்டக் கருத்தாளர்கள் வட்டாரக் கருத்தாளர்களுக்குச் சொல்வார்கள். கடைசியில் செஞ்சியில் ஒரு நாளோ இரண்டு நாளோ பயிற்சி நடக்கும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சுருங்கும். முதல் படியில் ஒரு பாடத்தைப் பிள்ளைகளை வைத்து நடத்திக் காட்டியிருப்பார்கள். கடைசிப் படியில் அது திரையில் ஓடும் படமாகவும் கையில் கிடைக்கும் கையேடாகவும் ஆகிவிடுகிறது. சொல்லித் தருவதைக் காட்டிலும் செய்து காட்டுவதும், செய்து பார்க்க வைப்பதும், அதன்பின் வகுப்பிலேயே கூட இருந்து வழிகாட்டுவதும் ஆசிரியரின் பழக்கத்தை மாற்றும் என்று புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1980-களிலேயே எடுத்துரைத்தார்கள். மேலிருந்து இறங்கும் முறையில் முதலில் உதிர்வது இந்தக் கடைசிப் பகுதிதான்.

செயல்வழிக் கற்றல் வந்த கதை இதற்கு நல்ல சான்று. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அது தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளிக்கு ஆசிரியர்கள் நேரில் சென்று, பிள்ளைகள் தத்தம் வேகத்தில் அட்டைகளை எடுத்துப் படிப்பதைக் கண்ணால் கண்டார்கள். திரும்பி வந்து அட்டைகளையும் கற்றல் ஏணியையும் உருவாக்குவதில் தாங்களே பங்கெடுத்தார்கள். 2007-08-இல் அது மாநிலமெங்கும் விரிந்தது. அந்த வேகத்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு அட்டைகள் போய்ச் சேர்ந்தன. ஆனால் முதல் 13 பள்ளிகளின் ஆசிரியர்களுக்குக் கிடைத்த கண்டறிதலை அட்டைப் பெட்டியில் வைத்து அனுப்ப முடியாது. ஒரே முறை ஒரு பள்ளியில் உயிரோடும் இன்னொன்றில் சடங்காகவும் நடந்ததற்கு இது முக்கியக் காரணம்.

கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட 2022 ஜூன் 13 அன்று தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இந்தக் குறையை ஓரளவு கண்டுகொண்டது. முதல் மூன்று வகுப்புகளிலும், 2023-24 முதல் நான்காம் ஐந்தாம் வகுப்புகளிலும், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துக் கற்பிப்பது அதன் முறை. பருவந்தோறும் பயிற்சி உண்டு. அதே பருவத்தில் வகுப்பில் நடத்தப்போகும் பாடமே பயிற்சியின் பொருளாக இருப்பது நல்ல மாற்றம். கற்றது ஆறிப்போவதற்குள் கைக்கு வருகிறது. கூடவே ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் கைபேசிச் செயலியில் ஏற்றும் வேலையும் வந்தது. பயிற்சியில் கற்றதை முயன்று பார்க்க வேண்டிய நேரத்தை அந்தப் பதிவு தின்றுவிடுகிறது என்பது ஆசிரியர்களின் நியாயமான வருத்தம்.

சின்னப் பள்ளிகளின் நிலைமை இதைவிட இக்கட்டானது. 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால், மீதியுள்ளவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொள்ள வேண்டும். சத்துணவையும் கவனித்து, யாராவது பெற்றோர் வந்தால் பதிலும் சொல்லி, அன்றைய பொழுதை ஓட்டுவதே பெரும்பாடு. இருவரும் போனால் பள்ளியே மூடும். பயிற்சியைச் சனிக்கிழமைக்கு மாற்றினால் விடுமுறை போகிறது என்று ஆசிரியர் அமைப்புகள் எதிர்க்கின்றன. அதிலும் நியாயம் உண்டு. ஆண்டுக்கு 50 மணி நேரம் என்று எழுதும் தரநிலை, அந்த மணி நேரங்களில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றும் எழுத வேண்டும். ஒரு குறுவள மையத்துக்கு ஒரு மாற்று ஆசிரியரை நிலையாக வைத்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும். அதற்குச் செலவாகும். அந்தச் செலவைக் கணக்கில் எடுக்காத தரநிலையை நடைமுறைப்படுத்தவே முடியாது.

மற்ற நாடுகள் இந்தக் கேள்விகளை எப்படி எதிர்கொண்டன என்பதையும் பார்க்கலாம். இங்கிலாந்தின் கல்வித்துறை 2016 ஜூலையில் ஆசிரியர் பணி மேம்பாட்டுக்கென்றே தனித் தரநிலை வெளியிட்டது. பிள்ளைகளின் கற்றல் உயர்வதே குறியாக இருக்க வேண்டும், பயிற்சிக்குச் சான்றும் வல்லுநர் துணையும் வேண்டும், ஆசிரியர்கள் கூடிச் செயல்பட்டு ஒருவரையொருவர் கேள்வி கேட்க வேண்டும், பயிற்சி காலப்போக்கில் தொடர வேண்டும், பள்ளித் தலைமை அதற்கு முதலிடம் தர வேண்டும் என்ற ஐந்தும் அதன் சாரம். ஆஸ்திரேலியா 2011-இல் வகுத்த தேசியத் தரநிலை, பட்டம் முடித்து வரும் புதியவர் தொடங்கி வழிநடத்தும் ஆசிரியர் வரை நான்கு படிகளை வைத்தது. சிங்கப்பூர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 100 மணி நேரப் பயிற்சி உரிமையாகவே உண்டு. செஞ்சிக்கு மிக நெருக்கமாகப் பொருந்துவது ஜப்பானியர்களின் பழக்கம்: சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்துக் குறிப்பெடுப்பார்கள், பின் எல்லோரும் அலசுவார்கள். இதற்குத் தனிக் கட்டடமோ கருவியோ தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் குறுவள மையக் கூட்டத்தை அப்படி நடத்தினால் போதும்.

இந்தியாவிலும் எழுத்தில் முயற்சி உண்டு. ஆசிரியர்களுக்கான தேசியத் தொழில்முறைத் தரநிலைகளைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2022-க்குள் வகுக்க வேண்டும் என்றது 2020 கொள்கை. அதன்படி வந்த வரைவு, அடிப்படை விழுமியங்களும் நெறியும், தொழில் அறிவும் நடைமுறையும், தொழில் வளர்ச்சி என மூன்று பகுதிகளைக் கொண்டது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. தனக்கென மாநிலக் கல்விக் கொள்கையை 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியிட்டது. இந்தக் கருத்து மோதலில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. வட்டார வள மையங்கள் நடப்பது பெரும்பாலும் அந்தத் திட்டத்தின் கீழ்தான். டெல்லிக்கும் சென்னைக்கும் இடையிலான மோதலின் சுமை செஞ்சியின் பயிற்சி அறை வரைக்கும் வருகிறது.

இதோடு இன்னொரு நெருக்கடியும் சேர்ந்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வு வேண்டும் என்பது 2010 ஆகஸ்ட் 23 அறிவிப்பின் விதி. ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும், முன்பே நியமனம் பெற்றவர்களும் இரண்டு ஆண்டுக்குள் அதில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்தது. இருபது ஆண்டுக்கு மேல் வகுப்பெடுத்தவர்கள் தேர்வுக் கையேட்டை எடுத்துப் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். தகுதித் தேர்வு ஒருவர் பாடத்தை அறிந்திருக்கிறாரா என்று ஒரு நாளில் அளக்கிறது. அவர் கற்பிக்கும் விதம் ஆண்டுக்கு ஆண்டு வளர்கிறதா என்பது அதன் எல்லைக்குள் இல்லை. நுழைவுக்கான தரத்தையும் வளர்ச்சிக்கான தரத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால், பயிற்சி மணி நேரமெல்லாம் தேர்வுப் பயிற்சியாகிவிடும் அபாயம் இருக்கிறது.

மேலிருந்து வரும் பயிற்சி எட்டாத ஒன்று செஞ்சியில் கண்முன்னே நிற்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளை மதிலால் இணைத்த கோட்டை, 2025 ஜூலை 11 அன்று பாரிஸ் கூட்டத்தில் மராத்தியர் ராணுவ நிலப்பரப்புகளின் பகுதியாக உலக மரபுச் சின்னமானது. பட்டியலில் உள்ள 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றே. 1677-இல் சிவாஜி கைப்பற்றியது, மகன் ராஜாராம் முகலாயப் படையின் நெடிய முற்றுகையைத் தாங்கியது, 1698-இல் கோட்டை வீழ்ந்தது, 1750-இல் பிரெஞ்சுக்காரரும் 1761-இல் ஆங்கிலேயரும் பிடித்தது என எத்தனையோ பாடங்கள் அங்கே கிடக்கின்றன. மலைமேல் நீர் எப்படிச் சேமிக்கப்பட்டது என்பது அறிவியல். நெற்களஞ்சியம் எவ்வளவு கொள்ளும் என்பது கணக்கு. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் வரிசையாகச் செதுக்கிய 24 சமணத் தீர்த்தங்கரர்களும் கல்வெட்டும் மொழி வகுப்புக்கும் சமூக அறிவியலுக்கும் பொருள். இவற்றைப் பாடமாக்கும் திறமை சென்னைக் கையேட்டிலிருந்து வராது. செஞ்சி வட்டார ஆசிரியர்கள் தாங்களே உட்கார்ந்து, அளந்து, எழுதி, ஒருவர் வகுப்பில் மற்றவர் பார்த்துத் திருத்த வேண்டும். பயிற்சி நாட்களில் ஒரு பங்கை வட்டாரமே தீர்மானிக்கலாம் என்று தரநிலையில் ஒரு வரி இருந்தால் இது நடக்கும்.

அப்படியொரு தரநிலை நீளமாக இருக்கத் தேவையில்லை. பயிற்சிக்கு முன் ஆசிரியர்களின் தேவையைக் கேட்க வேண்டும். பயிற்சியில் உண்மையான பிள்ளைகளோடு ஒரு பாடமாவது நடத்திக் காட்ட வேண்டும். அடுத்த சில வாரங்களில் வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் இரண்டு முறையாவது வகுப்புக்கு வந்து, மதிப்பெண் போடாமல், ஆசிரியரோடு பேச வேண்டும். இன்று ஆசிரியர் பயிற்றுநர்களின் நேரத்தில் பெரும்பங்கு புள்ளிவிவரம் திரட்டுவதில் போகிறது. அதைக் குறைத்தால்தான் இந்த வருகை சாத்தியம். பயிற்சி பயன் தந்ததா என்பதை ஆசிரியர் எழுதும் பின்னூட்டப் படிவத்தைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. பருவ முடிவில் பிள்ளைகள் வாசிப்பதையும் எழுதுவதையும் கணக்கிடுவதையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இவற்றை எழுதி நடைமுறைப்படுத்த மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு மத்திய வரைவுக்காகக் காத்திருக்கும் அவசியம் இல்லை. ஒரு வட்டாரத்தில் ஒரு கல்வியாண்டு முயன்று பார்த்து, அதன் குறைகளைத் திருத்திவிட்டு அடுத்த வட்டாரத்துக்குப் போகலாம்.