அப்பா இருக்கும்போதே பேசுவோம்

லூக்கா நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில், கூட்டத்திலிருந்த ஒருவர் இயேசுவிடம் வருகிறார். சொத்தைத் தன்னோடு பங்கிட்டுக்கொள்ளும்படி தன் சகோதரருக்குச் சொல்லக் கேட்கிறார். இயேசு அந்தப் பஞ்சாயத்துக்கு உடன்படவில்லை. பேராசையைக் குறித்து எச்சரித்து, அறிவற்ற செல்வன் உவமையைச் சொல்கிறார். அந்தச் செல்வன் தன்னோடு மட்டுமே பேசிக்கொள்கிறான் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? களஞ்சியத்தை இடித்துக் கட்டுவது பற்றி வீட்டில் யாரிடமும் அவன் வாய் திறக்கவில்லை. சேர்த்தது யாருக்கு ஆகும் என்று கடவுள் கேட்கும்போது அவனிடம் பதில் இல்லை.

நம் வீடுகளிலும் இதே மௌனம்தான். உயில் என்றாலே அபசகுனம். சொத்தைப் பற்றிக் கேட்கும் மகனுக்குப் பேராசைக்காரன் என்று பெயர். மகள் கேட்டுவிட்டாலோ, பிறந்த வீட்டைப் பிரிக்க வந்தவள். பிறகு முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த கையோடு, அழுத கண் காயாத அக்காவிடம் விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறோம்.

பலருக்குச் சட்டமே தெரிவதில்லை. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். தந்தை உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சொத்தில் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு, மகன் மகள் வேறுபாடின்றிச் சமமாக. வீடு முழுவதும் அம்மாவுக்குத்தான் என்று நம்பியிருப்பவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று என்பதால் மகளின் உரிமை போய்விடாது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தையும் உள்ளடக்கிய பழைய திருவிதாங்கூரில், 1916ஆம் ஆண்டுச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால்பங்கு அல்லது 5000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது மட்டுமே. அந்தச் சட்டம் 1951லேயே செல்லாததாகிவிட்டது என்று மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது. சட்டம் போய்விட்டது, அந்தக் கணக்கு இன்னும் சில மனங்களில் இருக்கிறது.

பேசுவது என்றால் உடனே எழுதிக் கொடுத்துவிடுவதல்ல. உயிரோடிருக்கும்போதே உடைமையைக் கையளித்துவிட்டுப் பிள்ளைகளின் கையை எதிர்பார்த்து நிற்காதே என்று சீராக்கின் ஞானம் 33ஆம் அதிகாரம் பெற்றோரை எச்சரிக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் இந்த ஆபத்தை அறிந்தே இயற்றப்பட்டது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு தானமாக எழுதிக் கொடுத்து, பிள்ளைகள் கைவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆகவே நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுக்கும் நம் அருட்சகோதரிகளே, நிரந்தர வார்த்தைப்பாட்டுக்கு முன் நாட்டுச் சட்டப்படி செல்லத்தக்க உயில் எழுத வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 668. அவர்கள் எழுதும்போது நமக்கு என்ன தயக்கம்?

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். ஆனால் சாட்சிக்கோ, சாட்சியின் கணவன் அல்லது மனைவிக்கோ அதே உயிலில் எழுதியது செல்லாது. எனவே மருமகனைச் சாட்சியாக்கி மகளின் பங்கைக் கெடுத்துவிடாதீர்கள்.

பிள்ளைகள் எல்லாரும் ஊருக்கு வரும் கிறிஸ்து பிறப்பு விடுமுறை இதற்கு ஏற்ற காலம். ஒருநாள் மாலை செபமாலை முடிந்ததும் பீரோவைத் திறந்து பத்திரம், பட்டா, வங்கிக் கணக்கு, அடகு நகை, கைமாற்றாக வாங்கிய கடன் வரை எல்லாவற்றையும் அவர்கள் முன் எடுத்து வையுங்கள். மகள்களும் மருமகள்களும் அந்த இடத்தில் இருக்கட்டும்.