கருவில் சேரும் காரீயம்

நைஜீரியா தேசத்தின் வடமேற்கில் ஜம்ஃபாரா என்று ஒரு மாகாணம் இருக்கிறது. 2010-ம் வருஷத் தொடக்கத்தில் அங்கே சில கிராமங்களில் குழந்தைகள் வலிப்புக் கண்டு அடுத்தடுத்து மாண்டன. மலேரியா ஜுரமாக இருக்கலாம் என்றே முதலில் எண்ணினார்கள். 'எல்லைகளற்ற வைத்தியர்கள்' என்னும் சங்கத்தார் வந்தார்கள். இரத்தத்தைப் பரீக்ஷித்த பின்னரே அது காரீய விஷம் என்று வெளிப்பட்டது. மொத்தத்தில் 400 குழந்தைகளுக்குக் குறையாமல் பலியாகிவிட்டன.

தங்கமே இதற்குக் காரணம். அப்பிரதேசத்துத் தங்கக் கல்லில் காரீயமும் கலந்திருக்கிறது. ஆண்கள் வெட்டி வந்த கல்லை வீட்டு முற்றத்திலேயே உரலில் இடித்தார்கள். மாவு யந்திரத்தில் அரைத்தார்கள். பறந்த தூசி பாயிலும் பானையிலும் படிந்தது. (நம் வீட்டு ரசம் கொதிக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அதனோடு இதைக் குழப்பிக் கொள்ள வேண்டாம்.)

இறந்த குழந்தைகளைப் பற்றி உலகம் பேசிற்று. பிறக்கவிருக்கும் குழந்தைகளைப் பற்றி அவ்வளவு பேசவில்லை என்பது நமது குறை. காரீயம் சுண்ணாம்புச் சத்தின் வேஷத்தில் உடம்புக்குள் நுழைந்து, எலும்பில் பல வருஷம் குடியிருக்கும். ஸ்திரீ கர்ப்பமுற்றதும் சிசுவுக்காக எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைகிறது. கூடவே காரீயமும் இறங்குகிறது. நஞ்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை. எனவே, கல் இடிப்பதை எப்போதோ விட்டவளுக்கும் அபாயம் உண்டு. கருச்சிதைவு, குறைப்பிரசவம் நேரலாம். பிறந்த குழந்தையின் மூளை வளர்ச்சியும் குன்றலாம். தாயோ வெளிப்பார்வைக்குச் சௌக்கியமாகவே இருப்பாள். இரத்தத்தைச் சோதித்தாலன்றி விஷயம் தெரியாது.

சோதனை கடினமானதன்று. கையில் தூக்கிச் செல்லும் சிறு யந்திரம் ஒன்று, விரல் நுனியில் எடுத்த இரண்டொரு துளி இரத்தத்தைக் கொண்டு மூன்று நிமிஷத்தில் அளவு சொல்லிவிடும். ஆனால் விரலில் தூசி ஒட்டியிருந்தால் கணக்குப் பொய்த்துவிடும். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். தண்ணீருக்கே தவிக்கும் ஊரில் இது லேசான காரியமா? கடும் வெயிலிலும் யந்திரம் சரிவர வேலை செய்யாது. டெசிலிட்டருக்கு 65 மைக்ரோகிராமைத் தாண்டினால் 'அதிகம்' என்று மட்டும் காட்டும். அப்போது நரம்பில் இரத்தம் எடுத்து ஆய்வுசாலைக்கு அனுப்ப வேண்டியதுதான்.

கர்ப்பிணியின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே, விஷம் வரும் வழியைக் கண்டு தடுக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் கூறியது. உணவில் சுண்ணாம்புச் சத்துப் போதாதவர்களுக்கு அதைத் தனியே கொடுக்கவும் சொல்லிற்று. விஷத்தை வெளியேற்றும் மருந்தும் உண்டு. ஆனால் கர்ப்பத்தின் முதல் மாதங்களில் அதைக் கொடுக்க வைத்தியர்கள் தயங்குவார்கள்.

"கல் உடைக்காதே" என்று ஏழையிடம் சொல்வது எளிது. நம் கல்யாணங்களில் சவரன் கணக்குப் பேசும் நமக்கு அப்படிச் சொல்ல வாய் வரலாமா? இடிக்கும் இடத்தை ஊருக்கு வெளியே கொண்டு போகலாம். கல்லை நனைத்து அரைக்கலாம். வேலைத் துணியோடு வீட்டுக்குள் நுழையாதிருக்கலாம். இவற்றோடு பரீக்ஷையும் நடந்தால் பலன் உண்டு. பரீக்ஷை மட்டும் நடந்தால், அந்தப் பெண் கையில் ஓர் எண்ணை வாங்கிக்கொண்டு அதே முற்றத்துக்குத்தான் திரும்புவாள்.

பகேகா என்னும் கிராமத்தில் இதுவே நேர்ந்தது. மண்ணைச் சுத்தம் செய்யாமல் மருந்து கொடுத்துப் பயனில்லை என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். பணம் வந்து, விஷ மண்ணை வாரி அப்புறப்படுத்தியது 2013-ல். அந்த மூன்று வருஷங்களிலும் அவ்வூரில் பிரசவங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன.