கல் நகையும் கம்ப்யூட்டரும்



பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இப்போதெல்லாம் வாங்கித் தரச் சொல்லிக் கேட்பது "கேமிங் கம்ப்யூட்டர்". என் மகனும் கேட்டான். கையில் இருந்தது சீட்டுப் பணம் 45,000 ரூபாய். கடைக்குப் போகும் முன் அவனை உட்கார வைத்து, எந்தப் பாகம் என்ன வேலை செய்யும் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகுதான் இருவரும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம்.

முதல் கடைக்காரர் கலர் கலராக லைட் எரியும் பெட்டியைக் காட்டி, "ஐ7 மேடம், எல்லாம் சேர்த்து 42,000" என்றார். "எந்த வருஷத்து ஐ7?" என்றேன். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது, தம்பிகிட்ட பேசிக்கிறேன்" என்றாரே பார்க்கலாம்!

புரியாமல் என்ன? அவர் காட்டியது ஐ7-2600. 2011-ல் வந்தது, 4 கோர், 8 திரெட். 2022-ல் வந்த ஐ3-12100-க்கும் அதே 4 கோர், 8 திரெட்தான். வேகமோ அதைவிட அதிகம். அந்தப் பழைய ஐ7-க்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. பேர் மட்டும் பெரிய பேர்!

லைட் எரிந்தால் கேம் வேகமாக ஓடாது. கல் வைத்த நகையில் கல்லையும் தங்க விலைக்கு நிறுத்துக் கொடுக்கிற கதைதான் அது.

விளையாட்டில் படத்தை வரைவது கிராபிக்ஸ் கார்டு. பணம் இருந்தால் பெரும்பங்கு அதற்குத்தான் போக வேண்டும். எங்களுக்குப் போதவில்லை. அதனால் கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்த ரைசன் 5 5600ஜி பிராசசர் வாங்கினோம். வேலரண்ட், ஜி.டி.ஏ. 5 எல்லாம் அதிலேயே ஓடுகிறது. பின்னால் பணம் சேரும்போது அதே போர்டில் தனி கார்டு போட்டுக்கொள்ளலாம். "சிறுகக் கட்டிப் பெருக வாழ்" என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? இன்டெல் வாங்குகிறவர்கள் மாடல் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தனி கார்டு இல்லாமல் திரையில் படமே வராது.

ராம் 16 ஜி.பி. ஒரே துண்டாக வேண்டாம், 8 ஜி.பி.யாக இரண்டு கேளுங்கள். உள்ளமைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது; ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். இரண்டு துண்டு இருந்தால் இரண்டு வழியாகவும் வேகமாகக் கிடைக்கும்.

மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் எஸ்.எம்.பி.எஸ். கரண்ட்டைப் பிரித்து எல்லாப் பாகத்துக்கும் கொடுப்பது அதுதான். மட்டமானது பழுதானால் பக்கத்துப் பாகங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம். கேபினட்டோடு "ஃப்ரீ" என்று தருவதை நம்பாமல், '80 பிளஸ்' முத்திரை உள்ள, பெயர் பெற்ற கம்பெனியின் 550 வாட்ஸ் வாங்கினோம். நாளைக்குக் கார்டு போட்டாலும் தாங்கும்.

பில்லில் ஒவ்வொரு பாகத்தின் மாடலும் சீரியல் நம்பரும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வாரண்டியும் பாகத்துக்குப் பாகம் தனித்தனிதான். "மொத்தமா ஒரு செட்" என்று எழுதினால் பின்னால் நாம்தான் அலைய வேண்டும்.

அரை சவரன் மோதிரத்துக்கே ஹால்மார்க் பார்த்து வாங்குகிற நமக்கு, எந்த வருஷத்து மாடல் என்று கேட்கத் தெரியாதா என்ன?

— ஓர் இல்லத்தரசி, தாம்பரம்.