தலைவர் வாக்குக் கேட்டு வந்த காலம்

தேர்தல் என்றால் எங்களுக்கு ஒலிபெருக்கி, சுவரொட்டி, மேடை எல்லாம் நினைவுக்கு வரும். ஆனால் உயர்தர அரசியல் விஞ்ஞான வகுப்புக்காக அமெரிக்க வரலாற்றை வாசித்தபோது ஆச்சரியமாக இருந்தது. அங்கே ஆரம்ப காலத்தில் ஜனாதிபதிப் பதவிக்கு நிற்பவர் தானே போய் வாக்குக் கேட்பது மரியாதைக் குறைவு. 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜெபர்சன் மேடை மேடையாக ஏறவில்லை. அவருக்காகப் பத்திரிகைகள் சண்டை பிடித்தன.

1840இல் நிலைமை மாறியது. ஹரிசன் என்ற வேட்பாளர் மரக்குடிசையில் குடித்துக்கொண்டு கிடக்கத்தான் லாயக்கு என்று எதிர்த்தரப்புப் பத்திரிகையொன்று கேலி செய்தது. அவரது கட்சியினர் கோபப்படவில்லை. அந்தக் குடிசையையே சின்னமாக்கி ஊர்வலத்தில் இழுத்துச் சென்றார்கள். பாட்டுக் கட்டினார்கள். ஆளை விடப் பெரிய பந்துகளை ஊரூராக உருட்டினார்கள். வழக்கத்தை மீறி ஹரிசனும் மேடையேறிப் பேசினார். உண்மையில் அவர் பிறந்தது வேர்ஜினியாவின் பெரிய பண்ணை மாளிகையில்! ஆனாலும் குடிசை வேடம் பலித்தது, வென்றார். ஒரே மாதத்தில் இறந்துபோனது வேறு கதை.

எங்கள் நாட்டில் 1931இலேயே பெண்கள் உட்பட வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்துவிட்டது. என்றாலும் ஒவ்வொருவரும் தத்தம் தொகுதிக்கு நிற்பவருக்கே வாக்களித்தார்கள். மன்னாரில் வாக்குக் கேட்டவர் மன்னார் வேட்பாளர். 1978ஆம் ஆண்டு யாப்புத்தான் முழு இலங்கையையும் ஒரே தொகுதியாக்கியது. வெல்பவர் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் எடுக்க வேண்டும். யாரும் எடுக்காவிட்டால் இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்குகள் எண்ணப்படும். ஆகவே தலைமன்னாரில் விழும் வாக்கும் கொழும்பில் விழும் வாக்கும் ஒரே பெறுமதி.

முதலாவது ஜனாதிபதித் தேர்தல் 1982 ஒக்டோபர் 20இல் நடந்தது. ஆறு பேர் போட்டியிட்டார்கள். அதே ஆண்டு பெப்ரவரியில்தான் ரூபவாஹினியும் ஆரம்பமாகியிருந்தது. ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமை 1980இல் பறிக்கப்பட்டிருந்ததால் அவரது கட்சிக்காக ஹெக்டர் கொப்பேகடுவ நின்றார். ஜே.ஆர். ஜயவர்தன ஏறத்தாழ 53 வீதம் பெற்று வென்றார்.

அந்த முடிவில் எனக்கு முக்கியமாகப் படுவது யாழ்ப்பாணம். 22 தேர்தல் மாவட்டங்களில் அங்கு மட்டுமே ஜே.ஆர். முதலிடம் பெறவில்லை. குமார் பொன்னம்பலம் முதலாவது, கொப்பேகடுவ இரண்டாவது. தெற்கிலிருந்து வந்த ஒருவருக்கு அவ்வளவு வாக்கா? அவர் விவசாய அமைச்சராக இருந்த 1970களில் வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. மேடைப் பேச்சை விட அந்த நினைவுதான் அவருக்குப் பிரசாரம் செய்தது என்று நினைக்கிறேன்.

நாடு முழுவதும் ஒரே தொகுதி என்று சட்டம் சொன்னாலும் வாக்களிக்கும் இடம் பெயர் பதிந்த ஊர்தான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றிய பிறகு, புத்தளத்தில் வாழ்ந்த பலரின் பெயர் மன்னார் வாக்காளர் இடாப்பிலேயே இருந்தது. வேட்பாளர் எங்கும் போகலாம். இவர்களில் பலரோ வாக்குப்போட ஊருக்கு வர வேண்டியிருந்தது.

2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாள். அப்படி மன்னாருக்கு வந்துகொண்டிருந்த பஸ்கள் மீது தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது, கல்லும் எறியப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ், உயிர்ச்சேதம் இல்லை. பொலிஸ் பாதுகாப்போடு பயணம் தொடர்ந்தது. பின்னால் வந்த ஒரு பஸ்ஸில் என் பெரியும்மாவும் இருந்தார். விரலில் மையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு இரவே புத்தளம் திரும்பினார். யாருக்கு வாக்களித்தார் என்று சொல்லவில்லை. அடுத்த முறையும் வருவேன் என்று மட்டும் உம்மாவிடம் சொன்னார்.