மறுகாலை அடைக்கும் மனைக்கற்கள்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடைப்பட்ட பூமி மேற்கு மலையை நம்பிப் பிழைப்பது. மலையில் பெய்த மழை ஓடைகளில் இறங்கிக் கண்மாயை நிரப்புகிறது. கண்மாய் நிரம்பியதும் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குச் செல்கிறது. நெல்லும் தென்னையும் மட்டுமின்றிக் குடிதண்ணீர்க் கிணறுகளும் இந்தத் தொடரையே நம்பியுள்ளன. நடுவில் ஓரிடத்தில் அடைத்தால் கீழேயுள்ள ஊர்களெல்லாம் வறளும்.

இத்தகைய பூமியில் விளைநிலத்தை ஏக்கர் கணக்கில் வாங்கி, வரப்பை வெட்டி, மனைகளாகக் கூறு போடுவதைக் கிராமத்தார் ஆக்ஷேபித்தால், அவர்களை முன்னேற்றத்தின் விரோதிகள் என்று தூற்றுவது அநியாயம். ஏழைக்கு வீடு வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் கல் நட்டு விற்பது வேறு, குடியிருக்க வீடு கட்டித் தருவது வேறு. மனையை வாங்கியவர் விலை ஏறட்டுமென்று காத்திருக்கலாம். அங்கே நாற்று நட்டுக் கூலி பெற்றவளால் காத்திருக்க முடியுமா?

இவ்வழக்கு புதிதன்று. 2006-ம் வருஷம் வண்டலூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் இடையே துணை நகரம் அமைக்க சர்க்கார் யோசித்தது. எதிர்ப்பு வலுக்கவே கைவிட்டது. தண்ணீர் தங்கும் இடத்தில் குடியிருப்பு எழுந்தால் நேர்வது என்ன என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியும் முடிச்சூரும் கண்டன. 2016 செப்டம்பரில், அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யலாகாதென்று சென்னை ஹைகோர்ட் தடை விதித்தது. மறு வருஷமே, 2016 அக்டோபர் 20-க்கு முந்திய மனைகளைக் கட்டணம் பெற்று முறைப்படுத்த சர்க்கார் விதி வகுத்தது. தடைக்குப் பின்னாலேயே மன்னிப்பும் வருமானால், மீறுகிறவன் காத்திருக்கத்தானே கற்றுக்கொள்வான்?

அங்கீகாரம் ஒன்றே போதுமென்பதும் சரியன்று. வரைபடத்தில் சாலை அகலமும் பூங்காவும் குறைவின்றி இருக்கலாம். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடை கோடையில் வெறும் பள்ளமாகவே தோன்றும். அதில் தண்ணீர் எவ்வழி வரும், எங்கே திரும்பும் என்பதை அறிந்தவர்கள் மடை திறக்கும் நீர்பாய்ச்சியும் ஆயக்கட்டு விவசாயியுமே. அவர்களைக் கேளாமல் கொடுக்கும் அநுமதி, கண்ணை மூடிக்கொண்டு இட்ட கையெழுத்தே ஆகும்.

ஆகவே நாம் கோருவது இது: மனைப்பிரிவின் வரைபடம் முதலில் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும், ஓடையும் வரத்துக்காலும் நிலத்திலேயே அளந்து குறிக்கப்பட வேண்டும், சபை சம்மதித்த பிறகே மற்ற உத்தரவுகள் வர வேண்டும். 1994-ம் வருஷத்து ஊராட்சிச் சட்டம் கிராம சபைக்கு இடமளித்திருக்கிறது. உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22-ம் இன்று சபை கூடும் நாட்களில் ஒன்று. தேசத் தொண்டர்கள் அன்று மேடை தேடாமல் கிராமத்தாரோடு சபையில் அமரட்டும்.

1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாக இருந்த ஸ்ரீ குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தம் வீட்டையே பொதுக்காரியத்துக்கு அளித்தவர். அந்த ஊரின் அருகே, சிலருடைய மனைகளுக்காகப் பொதுஜனங்களின் தண்ணீர் பறிபோவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாமா?